பின்தொடர்பவர்கள் இல்லாமலே பிராண்டுகளுக்கு வீடியோ எடுத்துச் சம்பாதிப்பது: யுஜிசி வேலையின் நடைமுறை

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் பார்க்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் வருகிறது. யாரோ ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் நின்று சத்துமாவுப் பாக்கெட்டைக் காட்டிப் பேசுகிறார். அவர் நடிகை இல்லை, பிரபலமும் இல்லை. வீடியோ ஓடுவது அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்துதான். அவர் செய்தது இவ்வளவுதான்: வீட்டில் போனில் எடுத்து, வெட்டி ஒட்டி, கோப்பாக அனுப்பிக் காசு வாங்கிக்கொண்டார். யுஜிசி (User Generated Content, அதாவது சாதாரணப் பயனர் எடுத்ததுபோன்ற வீடியோ) என்று இந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான்.

இன்ஃப்ளூயன்ஸர் விற்பது தன்னைப் பின்தொடரும் கூட்டத்தை. யுஜிசி செய்பவர் விற்பது வீடியோவை. அதனால் உங்கள் கணக்கில் 200 பேர் இருந்தாலும், கணக்கே இல்லாவிட்டாலும் இந்த வேலை கிடைக்கும். ஆனால் விற்பதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று வீடியோ எடுக்கும் உழைப்பு, மற்றது அதை எத்தனை நாள், எங்கெல்லாம் ஓட்டலாம் என்ற உரிமை. புதிதாக வருபவர்கள் முதல் பாகத்துக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு இரண்டாவதைச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் காசு கசியும் பெரிய ஓட்டை அதுதான். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

யாரிடம் வேலை கேட்பது

"பிராண்டுகள் கூப்பிடும்" என்று காத்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஆட் லைப்ரரி என்ற பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, லாகின்கூட வேண்டாம். நாட்டை இந்தியா என்று வைத்து நிறுவனத்தின் பெயரைத் தட்டினால், அந்த நிறுவனம் இப்போது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓட்டும் எல்லா விளம்பரமும் வரும். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் இருக்கும்.

அங்கே மூன்று விஷயம் பாருங்கள். நிறுவனம் ஆள் பேசும் வீடியோக்களை ஓட்டுகிறதா? வெறும் போட்டோவும் தள்ளுபடி எழுத்தும் மட்டும் என்றால் இப்போதைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவது, ஒரே வீடியோ இரண்டு மூன்று மாதமாக ஓடுகிறதா? விற்பனை வராத விளம்பரத்துக்கு யாரும் அவ்வளவு நாள் காசு கட்ட மாட்டார்கள். ஆகவே அந்த வீடியோவின் அமைப்பு அவர்களுக்குப் பலிக்கிறது. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: இந்தியிலும் ஆங்கிலத்திலும் பத்து வீடியோ இருக்கிறது, தமிழில் ஒன்றும் இல்லை, அல்லது இந்தி வீடியோவுக்கு மேல் தமிழ் டப்பிங் ஓடுகிறது. இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

வடக்கே உள்ள பெரிய நிறுவனங்களை மட்டும் குறி வைக்க வேண்டாம். மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மிக்ஸ், மூலிகைக் குளியல் பொடி, திருப்பூர் குழந்தை உடுப்பு, இளம்பிள்ளைச் சேலை என்று ஆன்லைனில் விற்கும் உள்ளூர் ஆட்கள் ஏராளம். காசு குறைவாகத் தருவார்கள். ஆனால் முடிவெடுப்பவர் முதலாளியே என்பதால் வேலை சீக்கிரம் நடக்கும்.

எழுதும்போது உங்கள் வரலாறு வேண்டாம். இவ்வளவு போதும்: "வணக்கம். உங்கள் தோசை மிக்ஸ் விளம்பரங்களைப் பார்த்தேன். இந்தியில் ஆறு வீடியோ ஓடுகிறது, தமிழில் ஒன்றும் இல்லை. கல்லில் ஒட்டுமா என்ற சந்தேகத்தை வைத்து 30 வினாடி வீடியோ ஒன்று எடுக்க யோசனை இருக்கிறது. என் மாதிரி வீடியோக்கள் இந்த லிங்கில். விருப்பமிருந்தால் ஸ்கிரிப்டை அனுப்புகிறேன்." பொதுவான மின்னஞ்சல் முகவரியைவிட, லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் ஆன்லைன் விளம்பரங்களை ஓட்டும் பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் ஆளைத் தேடி அனுப்புவது மேல். ஐந்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

மாதிரி வீடியோ மூன்று இருந்தால் போதும்: ஒன்று நீங்கள் பேசுவது, ஒன்று பேசாமல் கையும் பொருளும் மட்டும் காட்டி மேலே குரல் கொடுப்பது, ஒன்று பெட்டி பிரிப்பது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சோப்பு, ஊறுகாய், இண்டக்‌ஷன் அடுப்பு எதை வைத்தும் எடுக்கலாம். வீடியோவின் பெயரில் "மாதிரி" என்று போடுங்கள். அந்த நிறுவனத்துக்கே வேலை செய்ததுபோலக் காட்டினால் ஒரு போன் அழைப்பில் குட்டு உடைந்துவிடும்.

ஸ்கிரிப்ட்: முதல் மூன்று வினாடி

விளம்பரம் ஓட்டுபவர்கள் முதலில் பார்க்கும் எண், வீடியோ கண்ணில் பட்டவர்களில் எத்தனை பேர் மூன்று வினாடி தாண்டி நின்றார்கள் என்பது. ஆளை இழுத்து நிறுத்தும் தொடக்கத்துக்கு ஹூக் என்று பெயர், அதனால் இந்த எண்ணை ஹூக் ரேட் என்பார்கள். அந்த எண் விழுந்தால் அதற்குப் பின் நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை. ஆகவே "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று தொடங்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

வீடியோவில் என்ன வேண்டும் என்று நிறுவனம் எழுதி அனுப்பும் பிரீஃப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சில சமயம் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் ஸ்கிரிப்டும் கூட வரும்: "இந்த சீரம் உங்கள் சருமத்திற்கு ஆழமான ஊட்டத்தை அளிக்கிறது." இதை அப்படியே வாசித்தால் கேட்பவருக்கு டப்பிங் விளம்பரம் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். வாயில் வரும் தமிழில் திருப்பி எழுதி, எழுதியதை ஒப்புதலுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வராமல் ஷூட் செய்யாதீர்கள். பல மறு ஷூட்டுகள் இந்த ஒரு படியை விட்டுவிட்டதால் வருகின்றன.

ராகி தோசை மிக்ஸுக்கு ஒரு 30 வினாடி ஸ்கிரிப்ட் இப்படி இருக்கலாம்:

"ராகி தோசைன்னாலே எங்க வீட்டுல எல்லாரும் தட்டைத் தள்ளி வெச்சிடுவாங்க. ஏன்னா ஆறினதும் ரப்பர் மாதிரி ஆயிடும். இதுல உளுந்தும் அரிசியும் சேர்த்தே அரைச்சிருக்காங்க. ஒரு கப் மாவு, ஒன்றரைக் கப் தண்ணி. புளிக்க வைக்க வேண்டாம், பத்து நிமிஷம் ஊறினா போதும். ஓரம் பாருங்க... அந்தச் சத்தம் கேக்குதா? அரைக் கிலோ பாக்கெட். லிங்க் கீழயே இருக்கு, ஒரு தடவை போட்டுப் பாருங்க."

எண்ணினால் சுமார் 50 சொல். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் 30 வினாடிக்கு 60 சொல்லைத் தாண்டினால் மூச்சு வாங்கும், தோசை பொரியும் சத்தத்துக்கும் இடம் இருக்காது.

இதன் உடலை அப்படியே வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் மூன்று விதமாக எடுங்கள். மேலே உள்ளது பிரச்சினையில் தொடங்குகிறது. இரண்டாவது வியப்பில்: "மாவு புளிக்கல, அரைக்கல, ஆனா தோசை ரெடி." மூன்றாவது சந்தேகத்தில்: "இது கல்லுல ஒட்டாதான்னு என் மாமியார் கேட்டாங்க." ஒரே ஷூட்டில் கூடுதலாக இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான். விளம்பரம் ஓட்டுபவருக்கு இவை மூன்று தனி வீடியோ. அவர் மூன்றையும் ஓட்டிப் பார்த்து எது நிற்கிறதோ அதில் காசு போடுவார். கூடுதல் ஹூக்குக்குத் தனி விலை வாங்குவது வழக்கம்.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு சொல். கோவைத் தமிழோ நெல்லைத் தமிழோ உங்களுக்கு இயல்பாக வந்தால் மறைக்காதீர்கள், வராவிட்டால் நடிக்காதீர்கள்.

ஷூட்

ஒலியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் படம் சுமாராக இருந்தாலும் ஏற்பார்கள், ஒலி கெட்டால் திருப்பி அனுப்புவார்கள். காலர் மைக் ஒன்று வாங்குங்கள். முகவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள், தாலிச் செயினும் துப்பட்டாவும் உரசாத இடமாக. மின்விசிறியை நிறுத்த வேண்டும். அந்த இரைச்சலை எடிட்டிங்கில் நீக்கப் போனால் குரலும் தகரம்போல் ஆகிவிடும். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் பேசினால் பத்து நிமிடத்தில் முகம் வேர்த்துப் பளபளக்கும். ஆகவே பேசும் பகுதி முழுவதையும் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். பொருளை மட்டும் காட்டும் துண்டுகளுக்கு ஒலி தேவையில்லை, பிறகு மின்விசிறி போட்டுக்கொண்டே எடுக்கலாம். மொசைக், டைல்ஸ் தரை அறைகள் எதிரொலிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, தரையில் கனமான போர்வை விரித்தால் பெருமளவு அடங்கும்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், அதற்கு முதுகு காட்டாதீர்கள். நேர் வெயில் விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பைக் கலக்க வேண்டாம், முகத்தில் பாதி நீலம் பாதி மஞ்சள் என்று ஆகும். செயற்கை விளக்கில் எடுத்தே ஆக வேண்டுமானால் ஒன்று கவனிக்க வேண்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கோடு கோடாக ஓடும். போனின் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டினால் நின்றுவிடும்.

போன் அமைப்பு: பின் கேமரா, செங்குத்து, 1080-க்கு 1920, நொடிக்கு 30 ஃபிரேம். எச்டிஆரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட் செய்து அனுப்பியபின் வேறு போனில் நிறம் வெளுத்துத் தெரியும். முன் கேமராவில் எடுத்தால் பல போன்களில் படம் கண்ணாடிபோலத் திரும்பும், பாக்கெட்டில் உள்ள பெயர் வலமிருந்து இடமாக ஓடும். எடுப்பதற்கு முன் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். இல்லையென்றால் பாக்கெட்டை முன்னால் நீட்டும் நேரத்தில் கேமரா தடுமாறும்.

பேசும் பகுதி தவிர, பொருளின் துண்டுகள் குறைந்தது பத்தாவது வேண்டும், ஒவ்வொன்றும் நான்கு ஐந்து வினாடி. தோசை மிக்ஸ் என்றால்: பாக்கெட்டைக் கத்தரிப்பது, மாவு கிண்ணத்தில் விழுவது, தண்ணீர் ஊற்றுவது, கரைப்பது, கல்லில் எண்ணெய், மாவு பரவுவது, ஓரம் சிவப்பது, திருப்பிப் போடுவது, பிய்ப்பது, சட்னியில் தொடுவது. எடிட்டிங் மேசையில் "இன்னும் ஒரு துண்டு இருந்திருந்தால்" என்று வருந்தாத ஷூட் அபூர்வம், ஆகவே கூடுதலாகவே எடுங்கள்.

திருப்பி அனுப்பப்படும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. பின்னால் அலமாரியில் போட்டி நிறுவனத்தின் டப்பா தெரிகிறது. நகத்தில் மருதாணி பாதி அழிந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் உச்சரிப்பு தவறு, இதை முன்கூட்டியே வாய்ஸ் நோட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தொடர்ச்சியும் சறுக்கும்: ஒரு ஹூக்கில் பொட்டு இருக்கிறது, அடுத்த துண்டில் இல்லை.

எடிட்டிங்குக்கு விஎன், இன்ஷாட் போன்ற போன் செயலிகளே போதும். எழுத்தை நடுவில் வையுங்கள். ரீல்ஸ் விளம்பரத்தில் மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் பக்கங்களில் 6 சதவீதமும் வெற்றாக விடச் சொல்கிறது மெட்டா, அங்கெல்லாம் பொத்தான்களும் கணக்குப் பெயரும் உட்காரும். தமிழ் எழுத்துருவில் "கொ", "பௌ" போன்றவை சில செயலிகளில் உடைந்து வரும். ஏற்றுமதி செய்தபின் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பாருங்கள். சினிமாப் பாட்டு போடக் கூடாது: உங்கள் சொந்த ரீலில் ஓடும் பாட்டுக்கு விளம்பரத்தில் உரிமை கிடையாது, வீடியோ ஊமையாக்கப்படும் அல்லது நிறுவனத்துக்கு நோட்டீஸ் வரும். மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் எடுங்கள், அல்லது இசையில்லாத பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும், கூகுள் டிரைவ் லிங்க்தான் சரி.

விலையும் உரிமையும்

முதலில் உங்கள் நேரத்தை எண்ணுங்கள். எழுத்து 1 மணி, ஷூட் 3, எடிட் 2, மெயிலும் திருத்தமும் 1: மொத்தம் 7 மணி நேரம். 3,000 ரூபாய் கேட்டால் மணிக்கு 430 ரூபாய்கூட இல்லை. இது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த 3,000 எடுக்கும் கூலி மட்டுமே.

இப்போது உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்வதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதாவது எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் "நான் எடுத்தது, என்னுடையது" என்ற வாதம் நிற்காது. உங்கள் முகம் பத்து வருடம் கழித்தும் அந்த விளம்பரத்தில் வரலாம். ஆகவே வேலை தொடங்குமுன், "பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும், நிறுவனத்துக்குக் கீழ்க்கண்ட பயன்பாட்டு உரிமை மட்டும் தரப்படுகிறது" என்று மின்னஞ்சலில் எழுதி, அவர்களிடம் "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். காலத்தையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் 19-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும்.

ஒரு கணக்கு பாருங்கள். அடிப்படைக் கூலி 3,000. கூடுதல் ஹூக் இரண்டு, தலா 500, ஆக 1,000. கட்டண விளம்பர உரிமைக்கு மாதத்துக்கு அடிப்படைக் கூலியில் 30 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 2,700. மொத்தம் 6,700. பாதி, 3,350 ரூபாய், முன்பணம். வெட்டாத மூலத் துண்டுகளையும் கேட்டால் அதற்குத் தனி விலை, ஏனென்றால் அதை வைத்து அவர்கள் இன்னும் நாலு வீடியோ செய்துகொள்வார்கள். "நிரந்தர உரிமை" கேட்பவர்களும் உண்டு. மறுத்துவிட வேண்டும் என்றில்லை, அடிப்படைக் கூலியைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு வரி கட்டாயம். திருத்தம் ஒரு முறை இலவசம். ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்டையே மாற்றினால் மறு ஷூட்டுக்குப் பாதிக் கூலி. உங்கள் கணக்கின் பெயரில் விளம்பரம் ஓட்ட வேண்டுமானால், பார்ட்னர்ஷிப் ஆட் என்பது அது, மாதக் கட்டணம் தனி. முகத்தையும் குரலையும் ஏஐ பயிற்சிக்கோ நகலெடுக்கவோ பயன்படுத்தக் கூடாது. இந்தக் கடைசி வரியை இப்போது சில ஒப்பந்தங்களில் நேர்மாறாக, சின்ன எழுத்தில், சேர்த்து அனுப்புகிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

"காசு இல்லை, பொருள் இலவசம்" என்று வருவதை முதல் ஓரிரு வீடியோவுக்கு, நீங்களே காசு கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய பொருள் என்றால், ஏற்கலாம். அப்போதும் விளம்பர உரிமை 30 நாள் என்று எழுதிவிடுங்கள்.

வாயால் சொல்லக் கூடாதவை

பொருள் நேற்றுத்தான் கூரியரில் வந்தது, ஸ்கிரிப்டில் "மூணு மாசமா யூஸ் பண்றேன்" என்று இருக்கிறது. இதைப் பேசாதீர்கள். 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பரிந்துரை என்பது பேசுபவரின் உண்மையான கருத்தாகவும் போதிய அனுபவமோ தகவலோ உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. அது நிறுவனத்துக்கு மட்டுமல்ல, பரிந்துரைப்பவருக்கும் பொருந்தும். "முதல் தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்று மாற்றினால் வீடியோ இன்னும் நம்பும்படியாகவே இருக்கும்.

சர்க்கரை நோய் குணமாகும், உடல் பருமன் கரையும் என்பவை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டத்தில் தடுக்கப்பட்டவை. மூலிகைப் பொடிக்காரர்கள் சளைக்காமல் கேட்பார்கள். "ராகியில் கால்சியம் இருக்கிறது" என்பது வரை சொல்லலாம், "சுகர் குறையும்" என்பதைச் சொல்லக் கூடாது.

வீடியோவை உங்கள் கணக்கிலும் போட்டால் அது விளம்பரம் என்று அறிவிக்க வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட குறிப்பின்படி, வீடியோ எந்த மொழியோ அறிவிப்பும் அந்த மொழியில். தமிழில் பேசிவிட்டு ஆங்கில ஹேஷ்டேகுகளின் கூட்டத்தில் ஒளித்து வைத்தால் செல்லாது.

பில், வரி, வராத பணம்

இன்வாய்ஸில் உங்கள் பெயர், பான் எண், வங்கி விவரம், வேலையின் விவரம், உரிமைக் காலம் இருக்கட்டும். நிறுவனம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்துக் கொடுத்தால் பதற வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகி, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழியும், அதிகமாகப் பிடித்திருந்தால் திரும்பும். பொருளுக்கும் இது உண்டு: ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஷூட் முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்ட போனோ மிக்ஸியோ இதில் சேராது. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, வேறு மாநில நிறுவனத்துக்குச் செய்தாலும் அப்படியே.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசம், காசு கேட்பவர் இடைத்தரகர். அதன்பின் நீங்கள் சட்டப்படி ஒரு குறுந்தொழில். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல கணக்குப் பிரிவுகள் வேகமாக அசையும்.

வேலை தர முன்பணம் கேட்பவர், "பொருளை நீங்களே வாங்குங்கள், பிறகு திருப்பித் தருகிறோம்" என்பவர், டெலிகிராம் குழுவில் லைக் போட்டால் காசு என்பவர், இவர்கள் யாரும் பிராண்டு அல்ல. பணம் போய்விட்டால் அன்றே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

வீடியோ கொடுத்து மூன்று வாரம் கழித்து நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்று ஹூக்கில் எது ஓடியது, மூன்று வினாடி எண் என்ன? பதில் சொல்பவர்களிடம் அந்த ஹூக்கை வைத்தே அடுத்த இரண்டு ஸ்கிரிப்டை அனுப்பலாம். தீபாவளி விளம்பரங்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வீடியோ தேவைப்படும், ஆடித் தள்ளுபடிக்கு ஜூன் தொடக்கத்தில். அந்த மாதங்களில் உரிமை முடியப்போகும் பழைய வீடியோக்களின் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டு அனுப்பும் ஒரு மெயிலுக்கு, கேமராவைத் தொடாமலே இன்னொரு 2,700 ரூபாய் வரும்.